மதிலில் எங்கூர்க் கல்

— இன்னும் ஒரே ஒரு திருப்பம், தலைவி. அந்தக் கோபுரம் வரைக்கும் பாத்துட்டு வந்துருதேன். அதுக்கு மேல ஒரு எட்டு எடுத்து வச்சேன்னா என் காதப் புடிச்சு இழுத்துட்டுப் போ.

— தியேஷான், இதையேதான் போன திருப்பத்துலயும் சொன்ன. அதுக்கு முந்தின திருப்பத்துலயும் சொன்ன. கீழ வாசல்ல நம்ம வகுப்பே வாத்து ரத்தச் சூப்பைக் குடிச்சு முடிச்சு, ஏப்பம் விட்டுட்டு உக்காந்திருக்கு. நாலு மணிக்கு ஷாங்காய் ரயில். நான் வகுப்புத் தலைவியா, இல்ல நீ கல்லு தேடுறதுக்குக் குடை பிடிக்க வந்தவளா?

— விடு மெங்லான், தேடட்டும். எவ்ளோ பெரிய ஆராய்ச்சி நடக்குது! வரைபடத்துலயே இல்லாத ஊரை நான்ஜிங் மதில்ல தேடிட்டு இருக்கான் நம்ம பட்டாசு.

— ஏல யூபெங், வாய மூடிக்கிட்டு வாரியா? எங்கூரு வரைபடத்துல இருக்கு. உன் போன்ல தெரியலன்னா போனு சரியில்ல.

— மச்சி, ரெண்டு விரல வச்சுப் பெருசாக்குனேன், பெருசாக்குனேன், பெருசாக்கிட்டே இருந்தேன். ஒரு வெடிக் கம்பெனி வந்துச்சு. ஒரு பன்னிப் பண்ணை வந்துச்சு. வான்சாய் மட்டும் வரவே இல்ல. எங்க ஷாங்காய்ல ஒரு தெருமுனைல இதைவிட அதிகம் பேர் நிப்பாங்க.

— உங்க ஷாங்காய் ஆத்தங்கரையில வாணம் விட்டா அண்ணாந்து பாத்து வாயப் பொளக்கியே, அது எங்கருந்து வருதுன்னு நெனச்ச? எங்கூரு பொம்பளைக சுத்துன திரி அது. எங்கூரு இல்லன்னா உங்களுக்குப் புத்தாண்டே கிடையாது, பாத்துக்கோ.

— போதும் போதும், ரெண்டு பேரும் நிறுத்துங்க. பந்தயம் உங்களுக்கு, அலைச்சல் எனக்கு. ஷியான்ல ஆரம்பிச்சது, லுவோயாங் முழுக்க இதே பேச்சு, நான்ஜிங்லயும் இதே பேச்சு. என்னதான் பந்தயம் கட்டினீங்க? என் ஒலிபெருக்கியை வேற இதுல இழுத்தீங்களாமே?

— சிம்பிள் மேட்டர், தலைவி. இவன் காலேஜ் சேந்த மொத நாளே ஆரம்பிச்சான், நான்ஜிங் மதிலை எங்க ஊருதான் கட்டுச்சுன்னு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு. சரி மச்சி, நான்ஜிங் போறோம்ல, ரயில் ஏறுறதுக்குள்ள வான்சாய்னு பேர் போட்ட செங்கல் ஒண்ணே ஒண்ணு காட்டு. காட்டிட்டா, ஷாங்காய் ஆத்தங்கரைல அம்மாம் கூட்டத்துக்கு நடுவுல, உன் ஒலிபெருக்கில நான் 'வான்சாய் வாழ்க'ன்னு கத்துறேன். காட்டலன்னா இவன் கத்தணும்.

— இவன் என்னன்னு கத்தணும்?

— 'எங்க ஊரு வரைபடத்துல இல்லை.' மூணு தடவ.

— ஐயே! இதென்ன கொடுமை பிடிச்ச பந்தயம்? நீயும் இதுக்குத் தலையாட்டினியா தியேஷான்?

— ஆட்டுனேன். ஏன் ஆட்ட மாட்டேன்? கல்லு இருக்கு, தலைவி. அறுநூறு வருசத்துக்கு முந்தி இந்த மதிலுக்குக் கல்லு வேணும்னு ராசா ஊரூருக்கு ஆணை போட்டாம்லா? ஆத்து வழியா படகுல அம்புட்டுத் தூரம் கொண்டாந்து எறக்கியிருக்காங்க எங்காளுக. எங்கூரு மண்ணு வெள்ள மண்ணு, பீங்கான் செய்யுத மாதிரி மண்ணு. மத்த கல்லெல்லாம் சாம்பலா இருக்கும், எங்கூருக் கல்லு வெளுப்பா இருக்கும். ஒவ்வொண்ணுலயும் எந்த ஊரு, எந்த அதிகாரி, எந்தச் சூளை, அறுத்தவன் யாரு, எல்லாப் பேரும் குத்தியிருப்பான்.

— அது பெருமைக்குக் குத்தினது இல்லப்பா. கல்லு உடைஞ்சா எவனைப் பிடிச்சு உதைக்கிறதுன்னு தெரியணும்ல, அதுக்குக் குத்தினது.

— எதுக்குக் குத்துனா என்ன? குத்தியிருக்காம்லா?

— ஆனா கெடைக்கலையே மச்சி. காலைலேர்ந்து குனிஞ்சு குனிஞ்சு உன் முதுகு உண்டிவில்லு மாதிரி வளைஞ்சுடுச்சு. நம்ம குண்டு சுன் வந்தான் பாரு, தேடவே இல்ல. பொரிச்ச தோஃபு தின்னுட்டு மதில்ல சாஞ்சான். சாஞ்ச கல்லுல ஹுவாங்காங்னு இருக்கு! அவன் ஊரு!

— அதான் எனக்கு வயித்தெரிச்சலு. நாடு பூரா அந்த ஊரு வாத்தியாருக போட்ட மாதிரிப் பரிச்சத்தாளத்தான பள்ளிக்கூடத்துல குடுக்காங்க, அத எழுதியே என் கை தேஞ்சு போச்சு. இங்கன வந்தும் அந்த ஊருதான் முன்னுக்கு நிக்கி.

— யாருக்குத்தான் தேயல? தியான்ஜின்ல எங்க வீட்டுல இன்னும் ஒரு கட்டு எழுதாம இருக்கு. சரி, நடந்துக்கிட்டே தேடு. கூட்டத்தைப் பாரு, மே மாச லீவுன்னா இந்த நாடே வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பிடுது. ஷியான்ல மண் சிப்பாய்களைப் பாக்கப் போனோம், முன்னாடி நின்னவங்க பிடரியைத்தான் பாத்தோம்.

— நான் ஒரு சிப்பாயோட காதப் பாத்தேன்.

— அதிர்ஷ்டக்காரன்! லுவோயாங்ல அதுவும் இல்ல. பாக்கப் போன பூவெல்லாம் கொட்டிப் போச்சு. வாடகைக்குப் பட்டு அங்கி எடுத்து மாட்டிக்கிட்டு யூபெங் இளவரசன் மாதிரி திரிஞ்சதுதான் மிச்சம்.

— செமயா இருந்துச்சுல்ல? ரெண்டு பொண்ணுங்க வந்து கூட நின்னு போட்டோ எடுத்தாங்க. எந்த ஊருன்னு கேட்டாங்க. ஷாங்காய்னு சொன்னேன். உடனே கண்ணு எப்படி விரிஞ்சுது தெரியுமா? அதான் மச்சி, ஊருன்னா அது. சொன்னதும் எதிராளி தலைல மணி அடிக்கணும்.

— பக்கத்துல நானும் நின்னேம்லா? என்னையும்தான் கேட்டாங்க.

— நீ என்ன சொன்ன?

— வான்சாய்னு சொன்னேன், தலைவி. 'அது எங்க இருக்கு'ன்னாங்க. ஜியாங்ஷி மாகாணம்னேன். 'அது எங்க இருக்கு'ன்னாங்க. மாகாணத்தையே கேட்டுப்புட்டாங்க! அவங்க போட்டோவ எடுத்துக் குடுத்துட்டு வந்தேன்.

— சிரிக்காத யூபெங்.

— சிரிக்கல தலைவி. இருமல்.

— ஷியானுக்கு வாரப்ப ரயில்ல எதுத்த சீட்டுக்காரரு கேட்டாரு. லுவோயாங் ஓட்டல்ல பதிவு பண்ணுதப்ப அந்த அக்கா கேட்டா. நம்ம வகுப்புல மொத நாளு ஆளாளுக்கு எந்திரிச்சு ஊரச் சொன்னோமே, ஞாபகம் இருக்கா? நான் சொன்னதும் பின்னால இருந்து ஒருத்தன் 'வெளிநாடா?'ன்னு கேட்டான். வகுப்பே சிரிச்சுது.

— ஞாபகம் இருக்கு. நானும்தான் சிரிச்சேன். அன்னைக்கு ராத்திரி எனக்கே என் மேல எரிச்சலா வந்தது.

— கேட்டவன் இந்த மூதிதான்.

— ஒரு ஜோக் மச்சி! ஒரு வருஷமா மனசுலயே வச்சிருக்கியா?

— வச்சிருக்கேன். அதான் கேட்டுக்கோ, ரெண்டு பேருமே கேட்டுக்கோங்க. ஷாங்காய்ல மூணு தடவ கத்துறதெல்லாம் எனக்குப் பெருசில்ல. கத்திட்டுப் போயிருவேன். ஆனா இந்த மதில்ல எங்கூருப் பேரு இல்லன்னு ஆயிப்போச்சுன்னா, நாளையில இருந்து எவன் கேட்டாலும் நான்சாங்னு சொல்லப் போறேன். மாகாணத் தலைநகரு. எல்லாருக்கும் தெரியும். தலைல மணி அடிக்கும். முடிஞ்சு போச்சு.

— ஏய், அப்படியெல்லாம் பேசாதே. யாரோ ரெண்டு பேருக்குத் தெரியலங்குறதுக்காக நீ பிறந்த ஊரை மாத்துவியா?

— மாத்துவேன். எனக்கு வலிக்கு, தலைவி. ஒவ்வொரு தடவையும் சொல்லிட்டு எதிராளி மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்குறது இருக்கே, வலிக்கு.

— ஏன் யூபெங், உனக்குத்தான் வாய் நீளமாச்சே, ஏதாவது சொல்லேன்.

— என்னத்தச் சொல்றது? சொல்லிட்டுப் போகட்டும். மொத தடவ சொல்லும்போது நாக்கு கொஞ்சம் ஒட்டிக்கும். அப்புறம் பழகிடும்.

— உனக்கு எப்படிடா தெரியும்?

— எல்லாரும் பண்றதுதான தலைவி... பாதி நாடு அப்படித்தான சொல்லிட்டுத் திரியுது. ஏய் பட்டாசு, அந்த வரிசைய விட்டுட்ட பாரு. கீழ. இன்னும் கீழ. அடிவரிசையப் பாக்காமத் தேடுனா எப்படி?

— நீ எதுக்குல சொல்லித் தார? எனக்குக் கெடைச்சா நீ தோத்துருவ.

— தோக்க மாட்டேன், அந்தத் தைரியம்தான். குனி, குனி.

— இங்கன ஒண்ணு வெளுப்பா இருக்கு! தலைவி, இங்கன வா, உனக்குத்தான் பழைய எழுத்து வாசிக்க வரும்.

— தள்ளு, பாப்போம். 'யுவான்ஜோ'ன்னு இருக்கு.

— யுவான்ஜோவா! எங்க பக்கம்தான்! எங்கூரு அந்தச் சரகத்துலதான் இருந்துச்சு! அதுக்குக் கீழ? அதுக்குக் கீழ என்ன இருக்கு?

— இரு, கத்தாதே. மொத எழுத்து... 'ஃபென்'. ஃபென்யி மாவட்டம்.

— ஃபென்யியா.

— பக்கத்து ஊரு தானே?

— பக்கத்து ஊருதான். அதனாலதான் இன்னும் வயித்தெரிச்சலு. அவனுக கல்லு இருக்கு, எங்க கல்லு இல்லன்னா, கேக்கவே வேண்டாம்.

— மச்சி, ஃபென்யிக்காரனுக்கு எப்பவுமே மண்டக் கனம்...

— உனக்கு ஃபென்யிக்காரனையும் தெரியுமால?

— நீதான ரயில்ல சொன்ன? ராத்திரி பூரா ஊர்க்கதைதான பேசுன. எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு.

— கத பேசுனேன், சரி. எங்கம்மா குடுத்து விட்ட மிளகா ஜாடியத் தொறந்து வச்சுட்டுப் பேசுனேன். விடிஞ்சு பாத்தா ஜாடி காலி. தலைவி, நீயே சொல்லு, ஷாங்காய்க்காரன் சக்கர போட்ட கறி திங்குற ஆளு. எங்கூரு மிளகாய நக்குனாலே அவனுக்குக் காதுல புகை வரணும். இவன் அவிச்ச ரொட்டிய ஜாடிக்குள்ள விட்டுத் துடச்சுல்லா தின்னுருக்கான்!

— பசிச்சுது, தின்னேன். இதையெல்லாமா பஞ்சாயத்து வைப்ப?

— பஞ்சாயத்துன்னா இன்னொண்ணும் இருக்கு. வாசல்ல அடையாள அட்ட காட்டுன்னு சொன்னா, எல்லாரும் நீட்டுதோம். இவன் மட்டும் கட்ட வெரலால பொத்திக்கிட்டே நீட்டுதான். ஷியான்லருந்து பாக்கேன்.

— என் போட்டோ அதுல கேவலமா இருக்கும் மச்சி. திருடன் மாதிரி. தலைவி, நேரம் ஆகலையா? இப்போ நீ கத்தணுமே?

— நேரம் எப்பவோ ஆயிடுச்சு. நானே உங்க கதையைக் கேட்டுக்கிட்டு மறந்துட்டேன். தியேஷான், கோபுரம் வந்தாச்சு. நீ சொன்ன திருப்பம் முடிஞ்சுது.

— இங்கிருந்து அந்தப் பக்கம் இன்னும் மதிலு போகுது.

— ஏரிக்கரை வரைக்கும் போகுது, அதுக்கப்புறமும் போகுது. நாள் முழுக்க நடந்தாலும் போகும். இத்தனை கல்லுல உன் ஒரு கல்லு, நடுவுல எங்கேயோ அடிவரிசைல திரும்பி உக்காந்திருக்கலாம். பேர் குத்தின பக்கம் உள்ளே போயிருக்கலாம். இல்லன்னு அர்த்தம் இல்லப்பா. நமக்குத் தெரியலன்னுதான் அர்த்தம்.

— தெரியாததுதான தலைவி என் பாடே. சரி. தூறல் வேற விழுது. வா போவோம்.

— நிஜமாவா?

— நிசமாத்தான். வகுப்பே எனக்காகக் காத்துக் கெடக்கு. எம்புட்டு நேரம் எல்லாரையும் நிறுத்தி வைக்க? ஏல யூபெங், ஜெயிச்சுட்டல. சந்தோசமா இரு. ஷாங்காய்ல கத்துதேன். நல்லாக் கத்துதேன், உங்க ஆளுக எல்லாருக்கும் கேக்குத மாதிரி.

— இந்தா, என் குடைக்குள்ளே வா. கண்ணைத் துடை.

— மழைத் தண்ணி.

— சரி, மழைத் தண்ணியைத் துடை. யூபெங்! வா, படி இந்தப் பக்கம்! யூபெங்? எங்க போனான் இவன்?

— பின்னாலதான் வந்தான்.

— யூபெங்! அங்கே என்ன பண்ற? அந்த ஃபென்யி கல்லுகிட்டே ஏன் மண்டி போட்டு உக்காந்திருக்க?

— நீங்க போங்க தலைவி! ரெண்டு நிமிஷம்! ஷூ லேஸ்!

— ஷூ லேசைக் கட்ட எதுக்குடா மதிலைத் தடவுற? நனையுற பாரு! புது ஷூ, புதுப் பேண்ட்டு, எல்லாம் சேறு!

— போங்கன்னு சொல்றேன்ல!

— ஜெயிச்சுட்டாம்லா தலைவி, இன்னும் என்ன வேணுமாம் அவனுக்கு? இல்லன்னு முழுசாத் தெரிஞ்சுக்கிட்டாத்தான் தூக்கம் வருமாக்கும். யூபெங்! வால போவோம்! நான்தான் தோத்துட்டேன்னு சொல்லுதேம்லா!

— வாய மூடு! தோக்குறதப் பத்திப் பேசாத! நான்சாங்னு சொல்றானாம், நான்சாங்! இங்கதான் இருக்கணும், ஃபென்யி கல்லு இருந்தா அதுகூட ஒரே படகுலதான் வந்திருக்கணும், இங்கதான், இதுக்குக் கீழதான்... மழ பட்டா எழுத்து கறுத்துத் தெரியுது, கொஞ்சம் இரு, பாசியச் சொரண்டிட்டு... ஏலே! ஏலே தியேஷான்! ஏலே மக்கா, வெரசா இங்கன வாலே! இங்கன கெடக்குலே! நம்மூருலே! நம்மூருக் கல்லுலே!

— அவன் என்ன சொன்னான்?

— தலைவி... அவன் எங்கூருப் பேச்சுல பேசுதான்.

— அப்படியா? சரி, மொதல்ல போய்க் கல்லைப் பாரு.

— என்னல ரெண்டு பேரும் சிலையாட்டம் நிக்கிய? ஓடியால! தண்ணி வடிஞ்சா எழுத்து மறைஞ்சுரும்! இந்தா, இந்த வரிசைல, ஃபென்யிக்குக் கீழ மூணாவது. வெள்ளக் கல்லு. 'யுவான்ஜோ... வான்சாய்...' பாருல! நல்லாக் கண்ணத் தொறந்து பாரு!

— வான்சாய். ஆமா. வான்சாய்! தலைவி, வான்சாய்! எங்கூரு! எங்கூருத் தலைவி! யாத்தே, எம்புட்டு அழகா குத்தியிருக்கான்! நேத்துக் குத்துன மாதிரில்லா இருக்கு!

— பாத்துட்டேன், பாத்துட்டேன், என் கையை விடு, உடைச்சிடாதே! குடை! என் குடை பறக்குது!

— போகட்டும் தலைவி, நான் உனக்குப் பத்துக் குடை வாங்கித் தாரேன்! ஏல யூபெங், இரு. எந்திரி. என் மூஞ்சியப் பாரு. நீ எந்த ஊருல?

— மொதல்ல கல்ல வாசிப்போம்.

— எந்த ஊருன்னு கேட்டேன்.

— இந்தக் கல்லு எந்த ஊரோ அந்த ஊருதான். போதுமா?

— ஷாங்காய்னு சொன்னியேல!

— ஷாங்காய்லதாம்ல வளந்தேன். எங்கப்பனும் ஆத்தாளும் அங்க காலப்பலகாரக் கடை வச்சிருக்காக. பதினாலு வயசு வரைக்கும் அங்கதான் படிச்சேன். அங்க என்னய வெளியூர்ப் பயன்னாங்க. காலேசுக்குப் போற பெரிய பரிச்ச எழுதணும்னா குடும்பப் பதிவு எந்த ஊருல இருக்கோ அங்கதான் எழுதணும்னு ஊருக்கு அனுப்புனாங்க. ஊருக்கு வந்தா, ஷாங்காய்ப் பயன்னாங்க. வகுப்புல என் பேச்சக் கேட்டுச் சிரிச்சாங்க. நம்ம பேச்ச நல்லாப் பேசப் படிச்சேன், அதுக்குள்ள பள்ளிக்கூடம் முடிஞ்சு போச்சு. காலேசுக்கு வந்தப்ப நெனச்சேன், ரெண்டு ஊருல ஒண்ண எடுத்துக்கிடுவோம், எதச் சொன்னா எவனும் சிரிக்க மாட்டானோ அத.

— எடுத்துக்கிட்டு என்னப் பாத்துச் சிரிச்ச.

— சிரிச்சேன். நீ அன்னைக்கு எந்திரிச்சு நின்னு நெஞ்ச நிமித்தி வான்சாய்னு சொன்னியே, உனக்குப் பின்னால நாலு பேரு கழிச்சு என் முறை. அந்த நாலு பேரு பேசி முடிக்குறதுக்குள்ள எனக்கு வேர்த்து ஊத்துச்சு. நீ முதல்ல சொல்லாம இருந்திருந்தா நான் சொல்லியிருப்பேனோ என்னமோ. பயத்துல நானே 'வெளிநாடா'ன்னு கேட்டு வச்சேன், எல்லாரும் சிரிச்சதுக்கு அப்புறம் எனக்கு ஊரச் சொல்ல வாய் வரல. உம்மேல கோவம் கோவமா வந்துச்சு. அதுக்கப்புறம் நீ ஊரப் பத்திப் பேசுனப்பல்லாம் உன்ன அமுக்கணும்னு தோணுச்சு. ஆனா இன்னைக்கு நீ நான்சாங்னு சொல்லுதேன்னியே, அதத் தாங்க முடியலல. நான் போனது போதும், நீயும் போயிட்டா நம்மூரச் சொல்ல ஆளு யாரு இருக்கா?

— அழாதல, சவம்.

— மழைத் தண்ணி.

— ஐயோ, ரெண்டு பேருக்கும் இன்னைக்கு மழை கண்ணுல மட்டும்தான் பெய்யுது போல. நகருங்க, நான் முழுசா வாசிக்கிறேன். 'மேற்பார்வை, மாவட்டத் துணை அதிகாரி'... பேர் சிதைஞ்சிருக்கு. 'எழுத்தர்'... இதுவும் தெரியல. 'பத்து வீட்டுத் தலைவன்'... இதுல பாதி எழுத்துதான் இருக்கு.

— பாதி போதும் தலைவி. அது ஷின்னுதான். எங்க வம்சப் பேரு! எங்காளு பத்து வீட்டுக்குத் தலைவன்!

— கனவு காணாதல. அது ஷின் இல்ல, கல்லுல விழுந்த கீறலு.

— உன் கண்ணு கீறலு.

— சண்டையை அப்புறம் வச்சுக்கோங்க. கடைசி வரிதான் நல்லாத் தெளிவா இருக்கு. 'செங்கல் அறுத்தவன், வென் ஏழு.'

— வென்னா?

— வென். உன் எழுத்துதான் யூபெங். அப்படியே உன் குடும்பப் பேரு. ஏழுங்குறது ஏழாவதா பிறந்தவன். அந்தக் காலத்துல ஏழைபாழைங்களுக்குப் பேரே வரிசை எண்ணுதானே.

— ஏழாவது புள்ள. பேருகூட ஒழுங்கா வைக்கல. அவன் அறுத்த கல்லுல...

— ஏல, அவன் வேலையில ஒரு குத்தம் சொல்லு பாப்போம்! உடைஞ்சா புடிச்சு உதைக்கணும்னுதான பேரு போட்டான் ராசா? ராசா போயிட்டான், ராசாவோட மகன் போயிட்டான், அரமனை எரிஞ்சு போச்சு. அறுநூறு வருசமா மழையில நிக்கி இது, ஒரு மூலை உடையல! வென் ஏழ உதைக்க இன்னைக்கு வரைக்கும் ஒரு பயலும் வரல!

— வரட்டும்ல பாப்போம்! எவனாவது வரட்டும்!

— ஏலே, நீ எந்தப் பள்ளிக்கூடம்?

— ரெண்டாம் நம்பரு.

— ரெண்டாம் நம்பரா! த்தூ! நான் ஒண்ணாம் நம்பருல!

— தெரியும். கூடைப்பந்துல எங்ககிட்ட வாங்குனியளே, ஞாபகம் இருக்கா?

— நடுவரு உங்காளுல அன்னைக்கு!

— கடவுளே, ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி கட்டிப்பிடிச்சு அழுதாங்க! இரு, போன் பண்றேன். ஹலோ, குண்டு சுன்னா? எல்லாரையும் எழுப்பி மேலே கூட்டிட்டு வா. ஆமா, எல்லாரையும். செவப்புப் பேனரை எடுத்துட்டு வா, வகுப்புப் போட்டோ இங்கேதான். இல்லப்பா, கோபுரத்துக்கு முன்னாடி இல்ல. ஒரு செங்கல்லுக்கு முன்னாடி. வா சொல்றேன்.

— தலைவி, நாலு மணி ரயிலு?

— ரயில் ஆறு மணிக்குடா. நாலுன்னு சொன்னாத்தான் நீங்க அஞ்சரைக்காவது வந்து நிப்பீங்க. ஒரு வருஷமா உங்களை மேய்க்கிறேன், எனக்குத் தெரியாதா?

— தலைவி, அந்த ஒலிபெருக்கியக் கொஞ்சம் குடேன். பந்தயத்துல தோத்தது நான்தான். ஷாங்காய் வரைக்கும் எதுக்கு? ஷாங்காய்லயும் கத்துதேன், அது வேற. இப்பவே ஒருக்கா கத்துதேன்.

— இந்தா. பட்டனை நல்லா அழுத்து.

— வான்சாய் வாழ்க! ஏ நான்ஜிங்கு! கேக்குதா! நான் ஷாங்காய்க்காரன் இல்ல! நான் வான்சாய்க்காரன்! வென் ஏழுக்குச் சொந்தக்காரன்!

— கத்துல! இன்னும் கத்து! பாரு, கூட்டமே திரும்பிப் பாக்கு! அந்தா, படம் புடிக்காங்க!

— அந்தக் குடைக்காரம்மா 'வான்சாய் எங்க இருக்கு'ன்னு கேக்காங்கல!

— கேக்கட்டும்ல! இனிமே எவன் கேட்டாலும் நான் பதிலே சொல்லப் போறதில்ல. கையப் புடிச்சு இழுத்தாந்து இந்தக் கல்ல காட்டிருவேன். 'இங்கன இருக்கு'ன்னு.

— நம்ம ஆளுங்க படியேறுறாங்க. வரிசையா நில்லுங்க, கல்லை மறைக்காம நில்லுங்க. யூபெங், கன்னத்துல சேறு, துடை.

— தலைவி... வகுப்புக்கு எப்படிச் சொல்ல? ஒரு வருசமா ஷாங்காய் ஷாங்காய்னு எல்லாரையும் ஏமாத்தியிருக்கேன். தியேஷான் வாயப் பொளந்தான். நீ மட்டும் நான் சொன்னதக் கேட்டு ஒண்ணும் ஆச்சரியப்படலயே?

— நாலு ஊருக்கும் ரயில் டிக்கெட் எடுத்தவ யாருடா? முப்பது பேர் அடையாள எண்ணையும் என் கையால அடிச்சுத்தானே எடுத்தேன்? மொத ஆறு எண்ணு எந்த மாவட்டம்னு சொல்லும், இது இந்த நாட்டுல யாருக்குத் தெரியாது? உங்க ரெண்டு பேருக்கும் அந்த ஆறும் ஒண்ணேதான். வகுப்பே ஹாங்ஜோ போவோம்னு கை தூக்கினப்ப, நான் மட்டும் நான்ஜிங், நான்ஜிங்னு எதுக்கு அடம்பிடிச்சேன்னு நினைச்சீங்க? ஹாங்ஜோவுல ஏரி இருக்கு, கோயில் இருக்கு, உங்க ஊர்ச் செங்கல் இல்லையே!